தலைக்கு ஊற்றிய தேதி

மொரப்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருபத்திரண்டு வருடமாகக் கர்ப்பிணிகளின் கணக்கை எழுதி வருபவர் சகாயமேரி நர்சம்மா. தன் நோட்டைப் பற்றி அவருக்குப் பெருமை கொஞ்சம் அதிகம்தான். அந்த நோட்டை நம்பித்தான் சுகாதார நிலையத்து டாக்டர் கவிப்பிரியா ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். வயிற்றுக்குள் வளராமல் நின்றுபோகும் குழந்தைகளைப் பற்றி ஆராய நிதி வேண்டும். இருநூற்றுப் பதினான்கு தாய்மார்களின் விவரம் சேர்ந்திருந்தது. பெரும்பாலோர் முதல் மாதங்களில் ஸ்கேன் எடுக்காதவர்கள். பிறந்த குழந்தை மாசத்துக்கேற்ற எடையா, குறைவா என்று சொல்ல நர்சம்மா எழுதிய, கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதி ஒன்றுதான் துணை. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். நிதி கிடைத்துவிட்ட மாதிரியே நர்சம்மா ஒரு வாரமாக நல்ல புடவையாகக் கட்டி வந்தார்.

புதன்கிழமை அமுதவல்லி பதிவுக்கு வந்தாள். இது இரண்டாவது கர்ப்பம். மூன்று வருடத்துக்கு முன் பிறந்த முதல் பிள்ளை ஒன்பது நாள்தான் இருந்தது. நர்சம்மா அவளிடம் தேதி கேட்டு எழுதி, டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டரும் ஒருமுறை தேதியைக் கேட்டுவிட்டு நோட்டைப் பார்த்தார்.

"பதினாறுங்கறே. இங்க இருபதுன்னு எழுதியிருக்கே?"

"தூரமானது பதினாறுங்க. இருவது, தலைக்கு ஊத்துனது. எங்க வூட்ல அஞ்சாம் நாளுதான் ஊத்துவோம். நர்சம்மா அதத்தான கேட்டாங்க."

நர்சம்மாவுக்கு அப்போதுதான் தன் தப்பு புரிந்தது. ஆண்கள் நிற்கிற வராந்தாவில் பட்டவர்த்தனமாகக் கேட்கக் கூச்சப்பட்டு, எல்லாரிடமும் "எப்பம்மா தலைக்கு ஊத்துன?" என்றே கேட்டுப் பழகிவிட்டார். தூரம் முடிந்து தலைக்கு ஊற்றுவது சில வீடுகளில் மூன்றாம் நாள், சில வீடுகளில் ஐந்தாம் நாள். இருநூற்றுப் பதினான்கு பேரின் கணக்கும் பிசகு.

"எல்லாம் என்னாலதான் கெட்டுதுங்க மேடம்" என்றார்.

"ரெண்டு நாள் இருக்கு. எல்லாருக்கும் போன் போட்டுக் கேட்டுத் திருத்திடலாம். தப்பு எப்படி வந்துச்சுன்னு விண்ணப்பத்துல அதையும் எழுதிடலாம்."

"எழுதுனா காசு குடுப்பாங்களா?"

"குடுக்காமயும் போகலாங்க. தப்புத் தேதிய வெச்சுக்கிட்டு அந்தக் கொழந்தைங்களப் பத்தி நாம என்ன சொல்ல முடியும்?"

டாக்டர் முதல் வேலையாக அமுதவல்லியின் பழைய பக்கத்தைத் திருப்பினார். முப்பத்தாறு வாரம் நான்கு நாள், ஒன்றே முக்கால் கிலோ. ஓரத்தில் நர்சம்மாவின் கையெழுத்தில் 'குறைமாசம்' என்றிருந்தது. தலைக்கு ஊற்றும்வரை விட்டுப்போன நான்கு நாளைக் கூட்டினார்.

"முப்பத்தேழு வாரம் தாண்டிடுச்சு. இது குறைமாசமே இல்ல."

அமுதவல்லி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"எந்தம்பி கல்யாணத்துக்கு ரயில்ல பொம்மிடி போனேங்க. வந்த நாலாம் நாளு வலி எடுத்துக்கிச்சு. ஆடி ஆடிப் போயி கொறமாசத்துல பெத்துப் போட்டுட்டான்னு எங்கூட்ல இன்னும் சொல்றாங்க. நர்சம்மா குடுத்த கார்டுலயே எழுதியிருக்குன்னு காட்டுவாங்க."

"ரயிலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. மாசம் நெறஞ்சுதான் பொறந்திருக்கு. உள்ள வளர்றது நின்னுபோச்சு. ஏன்னு எங்களுக்கும் முழுசாத் தெரியல. அதக் கண்டுபுடிக்கத்தான் காசு கேக்கறோம். இந்தத் தடவ ஸ்கேன்ல மாசாமாசம் பாத்துக்கிட்டே வருவோம்."

அமுதவல்லி மெல்லக் கேட்டாள்.

"அத ஒரு சீட்டுல எழுதித் தருவீங்களா? எங்கூட்டுக்காரருக்குக் காட்டணும்."

டாக்டர் பேனாவை எடுப்பதற்குள் நர்சம்மா சீட்டை இழுத்துக்கொண்டார். 'குறைமாசம்' என்ற வார்த்தையை அந்தக் குடும்பத்தின் வாயில் போட்டது தன் கைதான் என்பது நெஞ்சை அறுத்தது. எழுதி முடித்து, தானே வாசித்துக் காட்டினார்: "தேதியைத் தவறாக எழுதியது நான். குழந்தை மாசம் நிறைந்து பிறந்தது. தாய் மேல் எந்தத் தவறும் இல்லை. இப்படிக்கு, சகாயமேரி."

டாக்டர் கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். அமுதவல்லி சீட்டை வாங்கிக் கடைசி வரியை விரலால் தொட்டாள்.

"பேரெல்லாம் போட்டுட்டீங்க. இனி உங்களத் திட்டுவாங்களே நர்சம்மா."

"திட்டட்டும். உன்னத் திட்டுனது போதும்."