பதினாலு ராமலிங்கம்

என் பேரு ராமலிங்கம். மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இப்பல்லாம் நான் இத எங்கயும் சத்தமா சொல்றதில்ல.

காஞ்சிபுரத்துல சன்னதித் தெரு முனை ஆட்டோ ஸ்டாண்டுல பதினெட்டு வருஷமா ஓட்டறேன். மொத்தம் பதினாலு வண்டி. எங்க ஸ்டாண்டுல ஒரே ஒரு சட்டம்தான், அது வரிசை. முன்னாடி நிக்கிற வண்டிக்குத்தான் சவாரி. வர்றது உன் மச்சானே ஆனாலும், உன் வண்டி அஞ்சாவதா நின்னா அவன் மொத வண்டியிலதான் ஏறணும். மீறினவன் வண்டியத் தள்ளிக்கினு வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான். ஸ்டாண்டு தலைவரு பஞ்சாட்சரம் அண்ணன் அதுல ரொம்பக் கறாரு. நானும்தான். அந்தச் சட்டம் போட்ட அன்னிக்கு மொதக் கையெழுத்து என்னுது.

ரெண்டாயிரத்து ஏழு சித்திர மாசம். பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை செய்யற பொண்ணு ஒண்ணு என் வண்டியில ஏறிச்சு. ஸிந்துஜான்னு பேரு. ஊர்ல இருக்கிற கோயிலெல்லாம் முடிச்சிட்டு மாகறல் கோயிலையும் பாக்கணும்னுச்சு. மாகறல் எனக்குச் சொந்த ஊரு, சந்தோஷமா ஓட்டினேன். போய்ச் சேர்றதுக்குள்ள நடை சாத்திட்டாங்க. சாயங்காலம் தொறக்கற வரைக்கும் நானும் வேப்பமரத்தடியில குந்திக்கினு இருந்தேன். வெயிட்டிங் சார்ஜ் கேக்கல. கேக்கத் தோணல, அவ்வளவுதான், தியாகமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. திரும்பி வர்றப்ப, "அண்ணா, நல்ல பட்டுப்பொடவை எந்தக் கடையில வாங்கலாம்?"னு கேட்டுச்சு.

"நான் கூட்டிக்கினு போற கடையில மட்டும் வாங்காதம்மா. எனக்குக் குடுக்கிற கமிஷன உன் பொடவை மேலதான் ஏத்துவான். நீயே எறங்கி நாலு கடை பாத்து வாங்கு"ன்னேன். அந்தப் பொண்ணு சிரியோ சிரின்னு சிரிச்சுது.

ஊருக்குப் போயி அது சும்மா இல்ல. அப்ப ஆர்குட்டுன்னு ஒண்ணு இருந்துச்சே, அதுல கோயில் சுத்தறவங்களுக்குன்னு ஒரு குரூப்பு. ஆயிரக்கணக்குல ஆளுங்க. அதுல எழுதிடுச்சு: காஞ்சிபுரம் போனா சன்னதித் தெரு முனையில ராமலிங்கம்னு ஒரு ஆட்டோக்காரர் இருக்காரு, காக்கிச் சட்டை, பெரிய மீசை, நல்ல மனுஷன், கண்ண மூடிக்கினு ஏறுங்கன்னு. என் பொண்ணு தீபிகா ஏனாத்தூர்ப் பக்கம் காலேஜு படிச்சுக்கினு இருந்தா. அவதான் என்ன பிரவுசிங் சென்டருக்கு இழுத்துக்கினு போயி காட்டினா. எங்க வம்சத்துல ரேஷன் கார்டத் தவிர வேற எங்கயும் எவன் பேரும் எழுத்துல வந்ததில்ல. இன்னொரு தரம் படிச்சுக் காட்டச் சொன்னேன். தீபிகா ஆர்குட்டுல அவளோட பக்கத்துல "ராமலிங்கம் ஆட்டோவோட பொண்ணு"ன்னு போட்டுக்கினா. காலேஜு பூரா அவளுக்கு அதான் பேரு.

அப்பறம் புடிச்சுது சனியன். சனி ஞாயிறு ஆனா போதும், அந்த எழுத்த பிரிண்ட் எடுத்து கையில வெச்சுக்கினு வந்து எறங்குவாங்க. "இங்க ராமலிங்கம் யாருங்க?" நான் வரிசையில பத்தாவதா நிப்பேன். முன்னாடி நிக்கிறவன காட்டி, "இவரும் நல்லவருதான், ஏறுங்க"ன்னா ஏற மாட்டாங்க. "இல்லல்ல, எங்களுக்கு ராமலிங்கம்தான் வேணும்"னு வெயில்ல நிப்பாங்க. மொத வண்டிக்காரன் என்ன மொறைப்பான். அவன் வூட்லயும் அடுப்பு எரியணும் இல்ல? ஒரு நாள் பஞ்சாட்சரம் அண்ணன் கூப்புட்டு, "இன்னாபா ராமலிங்கம், வரிசைய ஒடைக்கிறியா?"ன்னு கேட்டுட்டாரு. எனக்குச் சுருக்குனுது. சட்டத்துக்கு மொதக் கையெழுத்துப் போட்டவன பாத்துக் கேக்கற கேள்வியா அது?

அப்பதான் அந்தக் கேணத்தனத்த நான் பண்ணேன். யாரும் பண்ணச் சொல்லல, நானே எல்லார் முன்னாடியும் எழுந்து சொன்னேன். "அண்ணே, இதுக்கு ஏன் சண்டை? வர்றவனுக்கு என் மூஞ்சி தெரியாது. எல்லாருக்கும் காக்கிச் சட்டை, எல்லாருக்கும் மீசை. வரிசையில மொதல்ல நிக்கிறவன் எவனோ அவன்தான் ராமலிங்கம். அப்படியே சொல்லிக்கினு ஏத்திக்கினு போங்க. ஒழுங்கா மட்டும் ஓட்டுங்கப்பா." எல்லாரும் கைதட்டினாங்க. பஞ்சாட்சரம் அண்ணன் எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. அன்னிக்கு ராத்திரி என் பொண்டாட்டி அங்கம்மாள், "பேரப் போயி எவனாவது பொதுவுல வுடுவானா? உனுக்கு புத்தி கீதா?"ன்னா. "நீ சோத்தப் போடு"ன்னேன். எனக்கு அப்ப ஏகப்பட்ட பெருமை, ஸ்டாண்டயே வாழ வெச்சுட்டேன்னு.

மூணு மாசம் நல்லாத்தான் போச்சு. பதினாலு ராமலிங்கமும் ஒழுங்காதான் ஓட்டினாங்க. பதினாலுல ஒருத்தன் இளவரசன். சின்ன வயசு, வாய் ஜாஸ்தி. ஐதராபாத்துலேந்து வந்த வயசான புருசன் பொண்டாட்டி, ராமலிங்கம்னு நம்பி அவன் வண்டியில ஏறியிருக்காங்க. பொண்ணு நிச்சயதார்த்தத்துக்குப் பொடவை வாங்கணும்னு சொல்லியிருக்காங்க. இவன், "நான் கமிஷன் வாங்காத ஆளுன்னு உங்களுக்கே தெரியும்ல, அதான் நம்பிக் கூட்டிக்கினு போறேன்"னு சொல்லியே ரோட்டோரக் கடை ஒண்ணுல கொண்டு போயி வுட்டுட்டான். பட்டுன்னு வாங்கினது பட்டு இல்ல. ஜரிகையும் டூப்பு. நிச்சயதார்த்தத்துல மாப்பிள்ள வூட்டுக்காரங்க தடவிப் பாத்துட்டுச் சிரிச்சிருக்காங்க.

அந்தம்மா அதே குரூப்புல எழுதிச்சு. "காஞ்சிபுரம் ராமலிங்கம், பச்ச அயோக்கியன்." அவ்ளோதான். கீழ நூத்துக்கணக்குல ஆளுங்க வந்து காறித் துப்பினாங்க. காஞ்சிபுரத்தையே பாக்காதவனெல்லாம் என்ன உள்ள போடணும்னான். என்ன புகழ்ந்து எழுதின ஸிந்துஜாவே, "இப்படி மாறிட்டாரா, என்ன மன்னிச்சுடுங்க"ன்னு எழுதியிருந்துச்சு. அந்த ஒரு வரிதான் எனக்குத் தாங்கல.

நேரா போயி இளவரசன் சட்டையப் புடிச்சேன். அவன் அசரவே இல்ல. "நீதானண்ணே ராமலிங்கம்னு சொல்லச் சொன்ன? நானா கேட்டேன்?"னான். எனக்குக் கைதட்டினவனுங்க எல்லாம் பல்லக் குத்திக்கினு நின்னானுங்க.

தீபிகா அழுதுக்கினே பிரவுசிங் சென்டருல ஒக்காந்து உள்ளத எழுதினா. எங்கப்பா அப்படிப்பட்டவரு இல்ல, ஸ்டாண்டுல பதினாலு பேரும் அவர் பேரச் சொல்லிக்கினு ஓட்டினாங்க, அதுல ஒருத்தர் பண்ண தப்பு இதுன்னு. பொய் ஒரு வார்த்தை இல்ல. அதுக்கு வந்துச்சு பாருங்க பதிலு. "அப்ப பதினாலு பேரும் கூட்டா சேந்து ஆள்மாறாட்டம் பண்ணியிருக்கீங்க! அதுக்கு நீ வேற வக்காலத்தா?" நெஜத்த சொன்னா பொய்ய விட அசிங்கமா இருக்குதுன்னு அன்னிக்குதான் எனக்குத் தெரிஞ்சுது. காலேஜுல பசங்க அவ கிட்ட, "பொடவை வேணும்டி, உங்கப்பா கிட்ட சொல்லேன்"னு கேலி பண்ணியிருக்காங்க. ஆர்குட்டுல அவ பக்கத்துலேந்து என் பேர எடுத்துட்டா. என் கிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தா. "எடுத்துக்கம்மா"ன்னேன்.

அப்பறம் ஸ்டாண்டு கூட்டம். பஞ்சாட்சரம் அண்ணன் என் மூஞ்சியப் பாக்காமயே பேசினாரு. "ராமலிங்கம், உன் பேரால மொத்த ஸ்டாண்டுக்கும் சவாரி போச்சுப்பா. இனிமே யாரு கேட்டாலும் நீ அந்தப் பேரச் சொல்லாத. ராமலிங்கம்னு ஒருத்தர் இருந்தாரு, போயிட்டாருன்னு சொல்லிடலாம். இல்லன்னா நீ வேற ஸ்டாண்டு பாத்துக்க." இளவரசன ஒரு வார்த்தை கேக்கல. அவன் வரிசையத்தான் மீறலியே!

வயிறுன்னு ஒண்ணு இருக்குதே. தலையாட்டிட்டு வந்தேன்.

இத்தன வருஷம் ஆகியும் அந்தக் கெட்ட பேரு ஓயல. போன மாசம் திருச்சிலேந்து ஒரு டீச்சரம்மா, ஸ்ரீவல்லின்னு பேரு, தங்கச்சியோட வந்தாங்க. நான்தான் மொத வண்டி. ஏறறதுக்கு முன்னாடியே, "நீங்க ராமலிங்கம் இல்லையே?"ன்னாங்க.

"இல்லம்மா. அவர் போயிட்டாரு."

"அப்பாடா!"ன்னு ஏறி ஒக்காந்தாங்க. காலையிலேந்து சாயங்காலம் வரைக்கும் நான் எப்படி ஓட்டுவேனோ அப்படித்தான் ஓட்டினேன். எனக்கு வேற மாதிரி ஓட்டத் தெரியாது. வண்டிக்குள்ள ஒக்காந்துக்கினு ரெண்டு பேரும் அந்த ராமலிங்கத்தத் திட்டிக்கினே வந்தாங்க. "அவன் குடும்பம் உருப்படுமா?"ன்னாங்க. கண்ணாடியில அவங்க மூஞ்சியப் பாத்துக்கினே கியர மாத்தினேன்.

ஸ்டாண்டுல எறங்கறப்ப டீச்சரம்மா ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எடுத்தாங்க. "உங்கள மாதிரி ஆளப் பத்தி நாலு பேருக்குத் தெரியணும். நெட்ல போடறேன். பேரச் சொல்லுங்க."

"வேணாம்மா, வுடுங்க."

"அடக்கத்தப் பாரேன். அட, சொல்லுங்க."

ஸ்டாண்டுல இல்லாத பேர எதையாவது சொல்லித் தொலைக்கலாம். ஆனா நாளைக்கு அதப் படிச்சுட்டு வர்றவன் யாரப் போயி தேடுவான்? வெயில்ல நிப்பான். இருக்கிற ஆளு பேரத்தான் சொல்லணும். வாயி வரைக்கும் என் பேரு வந்துச்சு. பல்ல கடிச்சு முழுங்கினேன்.

"இளவரசன்மா"ன்னேன்.

"இளவரசன். நல்ல பேரு"ன்னு எழுதிக்கினாங்க. ரெண்டு பேரும் கும்புட்டுட்டுப் போனாங்க. நாலாவது வண்டியில கால நீட்டிக்கினு இளவரசன் தூங்கிக்கினு இருந்தான்.