வாதத்துக்கு வலு

கணவர் போட்டித் தேர்வுகளுக்குத் தர்க்கக் கேள்வி எழுதுவார். அதில் ஓட்டை கண்டுபிடிப்பது மனைவியின் வேலை. வீட்டில் அவள் பேச்சு எடுபடுவது அந்த ஒரு விஷயத்தில்தான்.

இன்றைய கேள்வி இது: "மாடிப்படியில் விழுந்து ஒரு பெண் இறந்தாள். அது விபத்து என்கிறார் கணவர். இந்த வாதத்துக்கு அதிக வலு சேர்ப்பது எது?"

"படியில லைட் எரியலன்னு நீங்க எழுதியிருக்கிற விடை மட்டும் பத்தாதுங்க," என்றாள் அவள். "இருட்டுல யாராவது தள்ளியும் விட்டிருக்கலாமே? அவளுக்கு அடிக்கடி தலை சுத்தும்னு வேற யாராவது ஒருத்தருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அப்பதான் வாதம் நிக்கும்."

"உன் மூளையே மூளை!" என்று சிரித்துவிட்டு, அவர் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

கால் மணி நேரத்தில் தங்கை அழைத்தாள்.

"என்னக்கா, உனக்கு அடிக்கடி தலை சுத்துதாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அத்தான் இப்பதான் போன்ல சொல்லி வருத்தப்பட்டாரு, பாவம்."

அவளுக்கு ஒரு நாளும் தலை சுற்றியதில்லை.

"கொஞ்சம் மேல வாயேன்," என்று கணவர் மாடியிலிருந்து கூப்பிட்டார்.

அவள் படியோரம் போய் சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரியவில்லை.