இருபத்தாறாவது ஆள்

மகள் கல்யாணத்துக்குப் போவதற்காக வெர்னா குச்சேரா போட்ட பயணத் திட்டம் மே மாதம் முழுக்க அவள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. காபி குடிக்கப் போன எல்லோரும் அதைப் படித்தோம், படிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

நெப்ராஸ்காவிலிருந்து வயோமிங் வரை காரில் நாலு நாள். வழியில் பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு இரண்டு மணி நேரம், விண்ட் கேவ் குகைக்கு எழுபத்தைந்து நிமிடம், யெல்லோஸ்டோனுக்கு ஒரே ஒரு பகல். கடைசியில் டீட்டன் பூங்காவில், மலையடியில், ஏரிக்கரையில் கல்யாணம். எங்கே கழிப்பறை, எங்கே பெட்ரோல் என்பதுவரை பச்சை மையில் எழுதியிருந்தாள்.

எதிர்வீட்டு போனிட்டாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏன்டி, கல்யாணத்துக்குப் போறியா, காட்டெருமைக் கணக்கெடுக்கப் போறியா?" என்றாள்.

"அவ்வளவு தூரம் போறோம். வழியில இருக்கிறதைப் பார்க்காம வர முடியுமா?"

"குகையில எழுபத்தஞ்சு நிமிஷமாம். எழுபத்தாறாவது நிமிஷம் வௌவால் கடிச்சிடுமா?"

எல்லோரும் சிரித்தோம். வெர்னாவும் சிரித்தாள். சிரித்த யாரும் சனிக்கிழமை வரியைக் கவனிக்கவில்லை. 'காலை 10, லைல் படகுச் சவாரி, அக்கரையில் நடை, மதியம் 1 மணிக்குத் திரும்புதல்.' அதற்குக் கீழே, 'ஞாயிறு 10.30, கல்யாணம்.'

கல்யாணம் சனிக்கிழமைதான். அந்த ஒரு பொய் வெளியே தெரியாமல் இருக்கத்தான் அத்தனை பூங்காவும்.

லைல் அவள் புருஷன். ஆறு வருடத்துக்கு முன்னால், கால்பந்து ஆட்டம் முடிந்த ஒரு சாயங்காலம், மதுக்கடையில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பதினேழு வயது மகன் டிரென்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினான். ஓடைப் பாலத்தில் மோதியது. பையன் போய்ச் சேர்ந்தான். லைல் பதினோரு மாதம் உள்ளே இருந்தான். லைசென்ஸும் போயிற்று, குடியும் போயிற்று. வெளியே வந்தவனுக்கு வெர்னா கதவைத் திறந்துவிட்டாள். அன்றைக்கே மகள் ஜனெல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை, அவ்வளவுதான்.

இப்போது வந்த அழைப்பிதழில் வெர்னா பெயர் மட்டும் இருந்தது. உள்ளே ஒரு துண்டுக் காகிதம்: 'நீ மட்டும் வாம்மா. பூங்காவுல இருபத்தஞ்சு பேருக்குத்தான் அனுமதி குடுத்திருக்காங்க. இருபத்தஞ்சாவது ஆள் நீ. அவரைக் கூட்டிட்டு வந்தா கல்யாணமே நின்னுடும்.'

வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் பிற்பாடு கேட்டோம். தனியாக இருந்தால் பாட்டிலை எடுத்துவிடுவானோ என்ற பயம் ஒன்று. 'உன் மகள் உன்னைக் கூப்பிடவில்லை' என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வராதது இன்னொன்று. சனிக்கிழமை மதியம் சொல்ல வேண்டியதைக்கூடத் தயாராக வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மழையாம், அவசரமாக இன்றைக்கே முடித்துவிட்டார்கள், உன்னைப் படகில் எங்கே போய்த் தேடுவது?

ஜூன் இரண்டாம் வாரம் கிளம்பினார்கள். பேட்லாண்ட்ஸில் லைல் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெர்னா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விண்ட் கேவில், பூமிக்கடியில் இருநூறு அடி இறங்கியதும், வழிகாட்டி விளக்கையெல்லாம் அணைத்து உண்மையான இருட்டு எப்படி இருக்கும் என்று காட்டினான். அந்த இருட்டில் லைலின் குரல் அவள் காதோரம் வந்தது.

"ஜனெல் என்னைக் கூப்பிட்டது பெரிய விஷயம்தான், இல்ல?"

"ம்."

"அவளேதான் கூப்பிட்டாளா? இல்ல, நீ கெஞ்சினியா?"

"அவளேதான்."

"சரி" என்றான். விளக்கு வந்தபோது அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை படகுத்துறையில் அவனை இறக்கிவிட்டாள். கையில் சாண்ட்விச் பொட்டலம், தலையில் சூரியகாந்தி விதைக் கம்பெனித் தொப்பி.

"மெதுவா நட. கரடி வந்தா ஓடாத."

"கரடிக்கு என்கிட்ட என்ன இருக்கு?" என்றான் லைல்.

ஏரியின் இந்தக் கரை வழியாகப் பத்து நிமிடம் ஓட்டினாள். வண்டி நிறுத்துமிடக் கழிப்பறையில் நீலக் கவுனுக்கு மாறிக்கொண்டாள். கல்யாணம் என்று பேர், உட்கார ஒரு நாற்காலி கிடையாது. பூ தூவக் கூடாது, அரிசி போடக் கூடாது, பாட்டு வைக்கக் கூடாது. பூங்கா விதி. புல்லில் எல்லோரும் நின்றார்கள். ஜனெல் வெள்ளை உடுப்பில் திரும்பிப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்ததும் தலையை லேசாக அசைத்தாள். இத்தனை வருடப் பிரிவுக்கு அது பெரிய விருந்து.

பாதிரியார் தொண்டையைச் செருமிய நேரத்தில் பூங்காக் காவலுக்கு இருக்கும் ரேஞ்சர் பெண் அட்டையும் பேனாவுமாக வந்து தலைகளை எண்ணினாள். போட்டோக்காரர், பாதிரியார், மாப்பிள்ளை அக்காவின் இடுப்பிலிருந்த கைக்குழந்தை, எல்லாமே கணக்கு. எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணினாள்.

"இருபத்தாறு வருதே."

வெர்னா திரும்பினாள். பின்னால், மரக்கட்டைத் தடுப்போரம், லைல் நின்றுகொண்டிருந்தான். தொப்பியைக் காணோம். தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தான். மழைக் கோட்டுக்குள்ளே கழுத்தில் டை.

"அங்க நிக்கிறவர் உங்க கூட்டமா?" என்று ரேஞ்சர் கேட்டாள். "உங்க ஆள்னா யாராவது ஒருத்தர் வெளிய போகணும். அதுவரைக்கும் ஆரம்பிக்க விட முடியாது. சுத்திப் பார்க்க வந்தவர்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பூங்கா எல்லாருக்கும் பொது."

ஜனெல் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள்.

நான் போகிறேன் என்று வெர்னா சொல்லியிருக்கலாம். நினைக்கவும் நினைத்தாள். ஆனால் நாலு நாள் வண்டி ஓட்டி வந்து, பெற்ற மகளிடமிருந்து பத்தடி தூரத்தில் நிற்கிறாள். கால் நகரவில்லை.

ரேஞ்சர் அவளிடமே வந்தாள். "மேடம், உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"இல்ல" என்றாள் வெர்னா. "யாரோ."

ரேஞ்சர் குரலை உயர்த்தினாள். "சார், நீங்க இவங்களோட வந்தவரா?"

"நானா?" என்றான் லைல். "சும்மா மலை பார்க்க வந்தேன்."

சொன்னவன், சொன்னதை நிரூபிக்க வேண்டும் அல்லவா, கல்யாணத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி மலையைப் பார்த்து நின்றான். மகள் 'சம்மதம்' என்று சொன்னதும், மோதிரம் போட்டதும், எல்லோரும் கை தட்டியதும் அவன் காதில்தான் விழுந்தது. நடுவில் யாரோ சுற்றுலாக்காரர்கள் அவனிடம் கேமராவை நீட்டினார்கள். மலை பின்னால் தெரிகிற மாதிரி பொறுமையாக எடுத்துக் கொடுத்தான்.

முடிந்ததும் ஜனெல் ஓடி வந்து வெர்னாவைக் கட்டிக்கொண்டாள். "ஆறு வருஷமா இதுக்குத்தாம்மா காத்துக்கிட்டிருந்தேன். உன் வாயாலே சொல்லிட்ட."

நிற்க ஓர் இடம் போய்விடக் கூடாதே என்றுதான் வெர்னா அதைச் சொன்னாள். அதை விளக்க வாய் திறந்தாள். மகளின் கன்னம் அவள் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

கார் பக்கத்தில் லைல் காத்திருந்தான். டையைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்திருந்தான்.

"மேடம், நெப்ராஸ்கா பக்கம் போறீங்களா? ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா?"

"லைல், போதும்."

"சனிக்கிழமைன்னு எனக்கு அப்பவே தெரியும். குளியல் துண்டு அடுக்குக்கு அடியில கல்யாணக் கார்டை ஒளிச்சா, நான் துண்டே எடுக்க மாட்டேனா? குகையில கேட்டேன். நீயே சொல்லிடுவேன்னு பார்த்தேன். சொல்லியிருந்தா, யார் வண்டியிலயோ தொத்திக்கிட்டு இங்க வராம, படகுலயே போயிருப்பேன், வெர்னா."

பின் கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டான். திரும்பும் வழியில் இன்னும் இரண்டு பூங்கா எழுதி வைத்திருந்தாள். பலகைகள் வந்தன, போயின. அவள் வண்டியைத் திருப்பவில்லை. அவனும் கேட்கவில்லை.

இதெல்லாம் வெர்னாவே போனிட்டாவிடம் சொன்னது. போனிட்டாவிடம் சொன்னால் தெருவிடம் சொன்ன மாதிரி. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் அவன் பின் சீட்டில்தான் வருகிறான். டாக்ஸி வந்தாச்சு என்று முதல் வாரம் யாரோ கிண்டல் செய்தார்கள். இரண்டாவது வாரம் செய்யவில்லை.

ஜனெல் இப்போது புதன்கிழமை தவறாமல் பேசுகிறாள். சமையல், வேலை, புது வீட்டுத் திரைச்சீலை என்று அரை மணி நேரம் போகும். அப்பாவைப் பற்றி அவளும் கேட்பதில்லை, இவளும் சொல்வதில்லை. போன புதன்கிழமை போனிட்டா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் லைலுக்கு இருமல் வந்தது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை.

"யாரும்மா அது?" என்று போனில் கேட்டது போனிட்டாவுக்கே கேட்டது.

"டிவி" என்றாள் வெர்னா.

கூடத்தில் இருமல் நின்றுவிட்டது.