ரோமாபுரியில் கழற்றிய பூட்ஸ்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையில் ஒரே ஒரு வாக்கியம் என்னுடையதல்ல. மணவூர் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது ஜன்னலுக்கு வெளியே யாரோ யாரிடமோ சொன்னார்கள்: "ரோமாபுரி போயி பூட்ஸத் தொலச்சிட்டு வந்தானே, அந்தத் திருத்தணிக்காரன்..."

ரயில் கிளம்பிவிட்டது. வாக்கியம் மட்டும் என்னோடு ஏறிக்கொண்டது. மிச்சமெல்லாம் நான் செய்தது. ரோமாபுரியை நான் பார்த்ததில்லை. பரவாயில்லை, கோதண்டமும் பார்க்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "ஏழு குன்றுகளின்மேல் வீற்றிருந்து பன்னெடுங்காலம் பாராண்ட அம்மாநகரின்..." [அடித்துவிட்டேன். வாய் வலிக்கிறது.]

இரண்டாவது: "1946, ஆவணி மாதம். பட்டாளத்திலிருந்து திரும்பிய கோதண்டம் தகரப் பெட்டியோடு..." [எல்லாக் கதையிலும் யாராவது பெட்டியோடு இறங்குகிறார்கள். இவன் இறங்கியாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்:

ஜெயம்மாளுக்கு அந்தக் கடிதம் மனப்பாடம். அத்தை மகன் கோதண்டம், பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனவன், ரோமாபுரியிலிருந்து எழுதியது. ஒருநாள் லீவில் அந்த ராஜதானியைக் காலாலேயே அளந்ததாக நான்கு பக்கம். ஓநாயிடம் பால் குடித்து வளர்ந்த இரட்டையரில் ஒருவன் மற்றவனைக் கொன்று முதல் ராஜாவானது, சக்கரவர்த்திகள் மனிதரையும் மிருகத்தையும் மோதவிட்டு வேடிக்கை பார்த்த வட்டக் கட்டடம், இப்போதைய ராஜாவின் மாளிகை. கடைசி வரி: "ஒவ்வோர் அடியிலும் உன்னையே நினைத்து நடந்தேன்."

அந்த வரி வரும்போது மட்டும் கடிதத்தை மடித்துவிட்டுப் பிறகு படிப்பாள்.

அவள் அப்பா தங்கவேல் பாத்திரக்கடைக்காரர். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கடிதத்தைப் படித்துக் காட்டியவர். (கடைசி வரியை விட்டுவிட்டுத்தான்.) இப்போது மாப்பிள்ளையே வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் பள்ளிக்கூட மைதானத்தில் கோதண்டம் ரோமாபுரி ராஜாக்களைப் பற்றிப் பேசுவான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார். அடுத்த வாரம் நிச்சயதாம்பூலம்.

"பொய் சொல்றவனுக்கு எங்க வூட்ல சோறு உண்டு, பொண்ணு கெடையாது" என்பது தங்கவேல் அடிக்கடி சொல்வது.

3

வியாழக்கிழமை. திருத்தணி மலைக்கோயில் படிக்கட்டு. ஜெயம்மாளின் அம்மா தாயாரம்மாளுக்கு முட்டிவலி. பத்துப் படிக்கு ஒருதரம் உட்கார்ந்துவிடுவாள். ஆகவே ஜெயம்மாளும் கோதண்டமும் பத்துப் படி முன்னால்.

"ஜெயா, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?"

"சொல்லு பாவா, அப்பறம் பாக்கலாம்." (அத்தை மகன் அந்தப் பக்கத்தில் 'பாவா'.)

"அந்த வட்டக் கட்டடம், ராஜா மாளிகை, ஒண்ணத்தையும் நான் பாக்கல."

அவள் ஏறிக்கொண்டே இருந்தாள்.

"நடந்தது இதான். காலைல போயி எறங்கினேன். ஒரு மேடு. உச்சீல கோயிலு. ஏறிப் போவ அகலமா படிக்கட்டு. கீழ பூக்காரிங்க. நீயே சொல்லு, திருத்தணில பொறந்தவன் இன்னா பண்ணுவான்?"

ஜெயம்மாள் நின்றுவிட்டாள். "ஐயோ பாவா, கழட்டினியா?"

"கழட்டி, ஒரு பூக்காரிகிட்ட குடுத்து, பாத்துக்கம்மான்னு கையாலயே சொன்னேன். அவளும் நல்லா தலைய ஆட்னா. ஒரு கொத்து பூகூட வாங்கினேன். ஏறி, கும்புட்டு, எறங்கி வந்து பாத்தா கூடையும் இல்ல, அவளும் இல்ல, பூட்ஸும் இல்ல."

(ஓரக்குறிப்பு: அங்கே படிகள் நூற்று முப்பத்தைந்து என்று ஒரு புத்தகம் சொல்கிறது. நம்முடையவை முந்நூற்று அறுபத்தைந்து. திருடுவதற்கு இங்கேதான் அதிக அவகாசம். ஆனாலும் நம் பூக்காரி கெங்கம்மாள் ஒரு ஜோடியைக்கூடத் தொலைத்ததில்லை. அந்த ரோமாபுரிக்காரியைத் திட்டாதீர்கள். சண்டைக் காலத்தில் தோலைக் கண்ணால் பார்த்தே வருஷங்கள் ஆகியிருக்கும். பூ வாங்கியவன் பூட்ஸையும் கொடுத்தால், காணிக்கை என்று நினைத்திருப்பாள்.)

"பட்டாளத்துல பூட்ஸத் தொலச்சா தண்டனை. சாயந்தரம் வரைக்கும் வெறுங்காலோட தேடினேன். ஊரு பூரா நடந்தேன் ஜெயா, அது பொய்யில்ல. ஆனா தலைய தூக்கல. அந்த ஊர்ல கீற அத்தினி பேரு காலையும் பாத்தேன். ராஜா மாளிகை வாசல்ல காவக்காரன் காலக்கூட குனிஞ்சி பாத்தேன், தொரத்திட்டான்."

"ஒண்ணுமே பாக்கலியா?"

"ஒரு கட்டடத்து முத்தத்துல கல்லுல ஒரு பாதம் கெடந்துது. பாதம் மட்டும், ஆளு நீளத்துக்கு. யாரோ சக்கரவர்த்தியோடதாம். அதும் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துகினு இருந்தேன். அவனுக்கும் செருப்பு இல்ல."

அவள் சிரித்த சிரிப்பு பத்துப் படி இறங்கிப் போயிற்று.

"இன்னாடி அங்க?" என்றாள் தாயாரம்மாள்.

"ஒண்ணுமில்லம்மா. பாவா சரித்திரம் சொல்றாரு."

பிறகு அவளுக்குக் கடிதம் ஞாபகம் வந்தது. "அப்ப லெட்டரு?"

"கேம்ப்ல ஒரு புஸ்தகம் குடுத்தாங்க. கிளார்க்கு தமிழ்ல சொல்லச் சொல்ல எழுதினேன்."

"கடைசி வரி?"

கோதண்டம் படியைப் பார்த்தான். "அது... கரீமுல்லா சொல்லிக் குடுத்தான். எங்க மெக்கானிக்கு. அரக்கோணத்துக்காரன்."

"அதுல உன்னோடது எது பாவா?"

அவன் யோசித்தான். "கையெழுத்து."

நாற்பது படியை அவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறினாள். பிறகு கேட்டாள்: "ஞாயித்துக்கெழம இன்னா பண்ணப் போற?"

"அந்த லெட்டரையே நெட்டுரு போட்டுகினு கீறேன். உங்க நைனாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

4

[இங்கே எனக்குக் கரீமுல்லாமேல் சந்தேகம் வந்தது. முந்தைய பிரதியில் அவன் அரக்கோணத்திலிருந்து வந்து கூட்டத்தில் எழுந்து குட்டை உடைத்தான். மிகவும் வசதியான ஆள். வசதியான ஆட்களை நம்பக்கூடாது. அதோடு, தன் காதல் வரியை நண்பனுக்கு இரவல் கொடுத்தவன் காட்டிக்கொடுப்பானா? அவனை ஒரு பழைய லாரிக்கு அடியில் அனுப்பிவிட்டேன். அங்கே சந்தோஷமாக இருக்கிறான்.]

இன்னொரு முடிவும் எழுதிப் பார்த்தேன். கோதண்டம் தடங்கலில்லாமல் பேசுகிறான், ஊர் கைதட்டுகிறது, கல்யாணம் ஆகிறது. ஐம்பது வருஷம் அவன் ஒவ்வொரு விருந்தாளியிடமும் அந்த மாளிகையை வர்ணிக்க, ஜெயம்மாள் பக்கத்தில் நின்று... [என்னால் முடியவில்லை. ஐம்பது வருஷம் ரொம்ப அதிகம்.]

ஆகவே மைதானத்துக்குப் போவோம்.

5

ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம். தங்கவேல் முன்வரிசை பெஞ்சியில். மேடையில் கோதண்டம்.

"பெரியோர்களே, ரோமாபுரி ஏழு குன்றுகளின்மேல் அமைந்த நகரம். அதன் முதல் அரசன் ஓநாயிடம் பால் குடித்தவன். அவன்..."

நின்றுவிட்டான். அடுத்த வாக்கியம் வரவில்லை. கோதண்டத்தின் கண் பெண்கள் பக்கம் தேடியது.

அடுத்த வாக்கியம் ஜெயம்மாளுக்குத் தெரியும். அதற்கடுத்த எல்லாமும் தெரியும். உதட்டை அசைத்தால் போதும், அவன் பிடித்துக்கொள்வான். அசைத்தால் அந்தப் பொய்யில் பாதி அவளுடையது.

எழுந்தாள். பக்கத்திலிருந்தவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். விடுவித்துக்கொண்டாள்.

"பாவா, அது புஸ்தகம். பூட்ஸ் கதைய சொல்லுங்க."

(ஊர் முன்னால் என்பதால் 'ங்க' சேர்த்தாள். மரியாதை முக்கியம்.)

அவன் மாமாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். சொன்னான். முதலில் முணுமுணுப்பாக, பிறகு கையை வீசி, பூக்காரி தலையாட்டியதை ஆட்டிக் காட்டி. கல் பாதத்தின் நீளத்துக்கு மேடையில் நடந்தே காட்டினான். ஹெட்மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கெங்கம்மாள் பின்னாலிருந்து கத்தினாள்: "என்கிட்ட குடுத்திருந்தா இந்நேரம் கால்ல இருந்திருக்கும்டா!"

"அந்த ராஜாவையாவது பாத்தியா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லீங்க. போன வைகாசி மாசம் ஊரே ஓட்டுப் போட்டு ராஜாவே வேணாம்னுட்டாங்களாம். பேப்பர்ல வந்துது."

மறுபடி சிரிப்பு. தங்கவேல் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எழுந்ததும் மைதானம் அடங்கிற்று.

"பொய் சொல்றவனுக்குப் பொண்ணு கெடையாதுன்னு சொன்னவன் நான். அது மாறாது. ஆனா இவன் வாயிலருந்து உண்மைய வரவெச்சது நீ." மகளைப் பார்த்தார். "எனக்குப் புரியல. நீயே சொல்லு ஜெயம்மா. இவன் வேணுமா, வேணாமா?"

6

அந்த ஊரில் அதுவரை எந்தப் பெண்ணிடமும் யாரும் கூட்டத்தில் இதைக் கேட்டதில்லை.

"ஆங், நைனா" என்று எழுதினேன். ஜெயம்மாள் என்னைப் பார்த்தாள்: கையெழுத்து மட்டும் போதுமா எனக்கு? அடித்துவிட்டேன்.

"வேணாம்" என்று எழுதினேன். கோதண்டம் தலையைக் குனிந்து, முன்வரிசையில் இருப்பவர்களின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினான். அதையும் அடித்துவிட்டேன்.

இன்னொரு தரம் "ஆங்". இன்னொரு தரம் "வேணாம்". காகிதம் கிழிந்துவிட்டது.

அவள் வாயில் நான் வார்த்தை வைத்தால், நானும் இன்னொரு கிளார்க்குதானே? ஆகவே நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் அவளை இவ்வளவு தூரம் பார்த்தாயிற்று. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு ஏழே காலுக்கு வண்டி. அதைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று ஒருவர்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.