கட்டைவிரல் பட்ட இடம்

என் வீட்டுக்காரருக்கு எந்த வேலையையும் முழுசாகச் செய்யத் தெரியாது. செத்தவரைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனால் வாய் சும்மா இருந்தால்தானே. கடையில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். ஆடுகிற மேசை, ஒழுகுகிற பம்ப், டேப் சுற்றிய சுவிட்ச் என்று எல்லாம் என் தலையில். ஒவ்வொன்றையும் அவரைத் திட்டிக்கொண்டேதான் சரி செய்தேன். திட்டினால் ஆள் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும்.

கடைசியில் லேசர் மெஷினே மக்கர் பண்ணியது. பெயர்ப்பலகை வெட்டுகிற மெஷின். எங்களுக்குச் சோறு போடுவதே அதுதான். லேசர் ஒளி உண்டாகிற கண்ணாடிக் குழாயோடு சிவப்பு வயரைச் சேர்க்கிற கனெக்டரில் சடசடவென்று நீலப் பொறி. பல ஆயிரம் வோல்ட் ஓடுகிற இடம். இப்படியே ஓட்டினால் குழாய் போய்விடும், கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

பிளக்கைப் பிடுங்கி, மிச்ச மின்சாரத்தை எர்த் கம்பியால் இறக்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். டார்ச் பிடித்தது என் நாத்தனார், அவருடைய ஒரே தங்கை. மின்சாரம் வெளியே தாவாமலிருக்கக் கனெக்டரைச் சுற்றி அவர் பூசிய சிலிகான் பசையில் ஒரு பள்ளம் தெரிந்தது. குச்சியால் தடவுங்கள் என்று அன்றைக்கே தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன், மனுஷன் கேட்டால்தானே? கட்டைவிரலால் அமுக்கியிருக்கிறார். ரேகை அப்படியே பதிந்திருந்தது, ஓரத்திலிருந்த வெட்டுத் தழும்பு உட்பட.

அமுக்கிய இடத்தில் பூச்சு மெலிந்திருந்தது. மின்சாரம் அங்கேதான் வழி கண்டுபிடித்திருக்கிறது. ரேகைக்குக் குறுக்கே மெல்லியதாக ஒரு கருப்புக் கோடு.

நாத்தனார் டார்ச்சை அணைத்துவிட்டாள்.

"வெட்டாதீங்க அண்ணி. அது அண்ணன் கை."

மேலேயே இன்னொரு பூச்சுப் பூசலாமே என்றாள். கருகினதை உள்ளே விட்டு மூடினால் பொறி அதே வழியில் மறுபடி தாவும் என்றேன். அப்படியானால் அந்தத் துண்டை மட்டும் உடையாமல் எடுத்துக் கொடுங்கள் என்றாள். பார்த்துப் பார்த்துத்தான் வெட்டினேன். உள்ளே பூராவும் கருகியிருந்ததால், பிளேடு பட்டதும் தீய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்துவிட்டது. உதிர்ந்ததை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு அவள் அழுதாள். நான் அழவில்லை, அழுதால் கண் மறைக்கும். முனையைச் சுத்தமாகத் துடைத்து, புது வயரைச் சுற்றி, உறை மாட்டி, சிலிகான் நிரப்பிக் குச்சியால் தடவினேன். என் விரல் எங்கேயும் படவில்லை.

நன்றாகக் காயவிட்டு, மறுநாள் மெஷினைப் போட்டேன். பொறியும் இல்லை, சத்தமும் இல்லை. பலகை சுத்தமாக வெட்டுப்பட்டு விழுந்தது.

"நல்லா ஓடுது அண்ணி," என்றாள் நாத்தனார்.

ஓடியது. மேசை ஆடவில்லை. பம்ப் ஒழுகவில்லை. அந்த மனுஷனைத் திட்ட இந்தக் கடையில் இனி ஒன்றுமே பாக்கி இல்லை. எங்கேயாவது அவர் சுற்றிய டேப் ஒன்று மிச்சமிருக்காதா என்று மேசைக்கு அடியில் குனிந்து தேட ஆரம்பித்தேன்.