பஞ்சம்மாளுக்குப் பால் ஊறியது

ராமலட்சுமிக்கு மஞ்சள்காமாலை முற்றி மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது, அவளுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அறுபத்தேழாம் வருஷத்துக் கோடை அது. தாய்ப்பால் கொடுக்க வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். புருஷன் கோட்டைச்சாமி பெண் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டையில் வந்து இறங்கினான். ராமலட்சுமியின் அக்காள் பஞ்சம்மாளின் மடியில் குழந்தையைப் போட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே மதுரைக்குத் திரும்பிவிட்டான்.

பஞ்சம்மாளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் அப்பய்யா தறியில் உட்கார, அவள் பக்கத்தில் ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பாள். பிள்ளை இல்லாதவள் என்றுதான் தெருவில் அவளைச் சொல்வார்கள், கேட்டால் அவளும் அப்படித்தான் சொல்வாள். கல்யாணமான மறுவருஷம் ஓர் ஆண் குழந்தை பிறந்து, தொப்புள்கொடி விழும் முன்பே செத்துப்போனது. அதற்குப் பிறகு எதுவும் தங்கவில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது.

பக்கத்து வீட்டு ஒச்சம்மாளிடம் ஆட்டுப்பால் வாங்கி, தண்ணீர் கலந்து காய்ச்சி, பாலாடையில் புகட்டினாள். குழந்தை பாதியைக் கக்கியது. மீதி நேரமெல்லாம் அழுதது. அந்த அழுகையைக் கேட்கும்போது பஞ்சம்மாளுக்கு மாரில் ஊசி குத்துவது போல இருந்தது. தூக்கிச் சுமந்த வலி என்று நினைத்துக்கொண்டாள். ராட்டையில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நூல் அறுந்தது தெரியாமல் வெறும் ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். குழந்தை சிணுங்குவதற்கு முன்பே எழுந்து தொட்டிலுக்கு ஓடினாள். எப்படித் தெரிந்தது என்று அப்பய்யா ஆச்சரியப்பட்டான்.

ஒருநாள் மத்தியானம் அழுகை நிற்கவே இல்லை. வேறு வழி தோன்றாமல் கதவைச் சாத்திவிட்டு வெறும் மாரில் போட்டாள். குழந்தை சப்பியபடியே தூங்கிப்போனது. அதற்குப் பிறகு அதுவே வழக்கமானது. ஆட்டுப்பாலைக் கொஞ்சம் புகட்டிவிட்டு மாரில் போட்டுத் தூங்க வைத்தாள். அப்பய்யாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. செய்யக்கூடாததைச் செய்வது போலக் கூச்சமாக இருந்தது. செய்யாமலும் இருக்க முடியவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். துணி துவைத்துக்கொண்டிருந்தவள், வீட்டுக்குள் குழந்தை அழுததும் எழுந்தாள். ரவிக்கை நனைந்திருந்தது. துவைத்த தண்ணீர் என்று நினைத்து உதறினாள். பிறகு விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். பால்.

அவளுக்குப் பயம் வந்தது. மாரில் ஏதும் நோயா? இல்லை, தனக்கே தெரியாமல் முழுகாமல் இருக்கிறாளா? இத்தனை வருஷம் தங்காதது இப்போது எப்படித் தங்கும்? தங்கியிருந்தாலும் அதற்குள் பால் எப்படி வரும்? எந்தப் பக்கம் யோசித்தாலும் முட்டிக்கொண்டு நின்றது. யோசித்துக்கொண்டே குழந்தையை எடுத்து மாரில் போட்டாள். அது மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது.

ஒச்சம்மாள் கண்ணில் அது பட்டுவிட்டது. பெறாதவளுக்குப் பால் எங்கிருந்து வரும் என்று அவள் கேட்டது தறிவரை கேட்டது. அப்பய்யா தறியை நிறுத்திவிட்டு வந்து பஞ்சம்மாளின் முகத்தையே பார்த்தான். பிறகு திரும்பிப் போய்த் தறியில் உட்கார்ந்துவிட்டான். தன்னைச் சந்தேகப்படுகிறானா, பயந்துபோயிருக்கிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. மறுநாள் காலையில், கிளம்பு, டாக்டரிடம் போவோம் என்று மட்டும் சொன்னான்.

லேடி டாக்டர் சுந்தராம்பாள் வயிற்றையும் மாரையும் அழுத்திப் பார்த்தார். கட்டியும் இல்லை, கர்ப்பமும் இல்லை என்றார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் பஞ்சம்மாள்.

"பெத்ததே இல்லையா?"

பஞ்சம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கதவோரம் நின்ற அப்பய்யாதான் பதில் சொன்னான். "ஒண்ணு பெத்தா. பதினாறு வருசம் ஆச்சுங்க."

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு தடவை பெத்த உடம்பு பழையபடி ஆகிறதில்லைம்மா. தலைக்குள்ள ஒரு சுரப்பி இருக்கு. பிள்ளை சப்பச் சப்ப அதுக்குத் தெரியும். உடனே பால் ஊறச் சொல்லும். ஆடு மாட்டுக்கும் இப்படி ஆகிறது உண்டு. இத்தனை வருஷம் கழிச்சும் எப்படி ஞாபகம் வச்சிருக்குன்னு கேட்டா, எனக்கே சரியாத் தெரியாது. பயப்படாம கொடு."

திரும்பி வரும்போது அப்பய்யா முன்னால் நடந்தான். சந்து திரும்பும் இடத்தில் அவள் வரட்டும் என்று நின்றான்.

"அவன் இருந்தான்னா இந்நேரம் தறியில உக்காந்திருப்பான்" என்றான்.

செத்த பிள்ளையைப் பற்றி அவன் அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அழுகை வந்ததா, சந்தோஷம் வந்ததா என்று சொல்ல முடியாது. மார் மட்டும் நனைந்தது. கையில் இருந்த குழந்தையோ அழவே இல்லை.

ராமலட்சுமி குணமாகி வந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தாள். பால் வற்றிவிட்டிருந்தது. குழந்தையை வாங்கியதும் அது வீறிட்டு, பஞ்சம்மாள் நின்ற பக்கமே திரும்பியது.

"எம் பிள்ளைய என்னக்கா செஞ்சு வச்சிருக்க?" என்றாள் ராமலட்சுமி.

பஞ்சம்மாள் தொட்டில் துணிகளை எடுத்து மடித்தாள். தான் செய்தது உதவியா திருட்டா என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது. கோட்டைச்சாமி அன்றே இருவரையும் பாளையம்பட்டிக்கு, தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். பஞ்சம்மாள் பால் வற்றட்டும் என்று மாரில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிக்கொண்டு காய்ச்சலோடு படுத்தாள். அப்பய்யா கஞ்சி காய்ச்சிக் கொடுத்தான். அவள் குடிக்கவில்லை. வீட்டில் இல்லாத பிள்ளையின் அழுகை காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் டவுன் பஸ்ஸில் ராமலட்சுமியே குழந்தையோடு வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"எதையும் குடிக்க மாட்டேங்குதுக்கா. எனக்குக் கோவந்தான். இருந்தாலும் நீயே குடு. நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

பஞ்சம்மாள் பூவை அவிழ்த்து எறிந்தாள். குழந்தையின் வயிறு நிறைந்ததும், தூக்கம் சொக்கும் நேரம் பார்த்துத் தங்கச்சியின் மாருக்கு மாற்றினாள். முதலில் உதறியது, பிறகு சப்பியது. ஒரு வாரம் ராமலட்சுமி அங்கேயே தங்கினாள். அவளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் திரும்பியது. ஊருக்குப் புறப்படும்போது குழந்தை அழவில்லை. அது பஞ்சம்மாளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

அந்தப் பெண் வளர்ந்து பள்ளிக்கூடம் போன காலத்தில், ஒருநாள் பஞ்சம்மாள் மதுரைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். முன் சீட்டில் யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை அழுதுகொண்டே வந்தது. காரியாபட்டியில் அந்தத் தாய் இறங்கினாள். பின்னாலேயே பஞ்சம்மாளும் இறங்கினாள். பஸ் போன பிறகுதான், தான் இறங்க வேண்டிய ஊர் இது இல்லை என்று அவளுக்கு உறைத்தது. சந்தைக் கூட்டத்துக்குள் அந்தக் குழந்தையின் அழுகை தேய்ந்து போகும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ரவிக்கையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மதுரைக்கு அடுத்த பஸ் எப்போது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டாள்.