கோயில்பிள்ளையின் அக்கா

மாதா கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை வேலைக்கு இருதயநாதன் வந்த நாள் முதல் ஒரு வேளை மணிகூடத் தப்பியதில்லை என்று சாமியார் பூசையில் வைத்தே மெச்சினார். மெச்சட்டும். மூன்று வேளையும் கயிறு இழுத்தவள் அவன் அக்கா மரிய புஷ்பம். ஏலாக்குறிச்சிக்குக் கிழக்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துபோகிற சாமியாருக்குத்தான் தெரியாது. தம்பி காலையில் தூங்குவான், மதியம் அரியலூரில் இருப்பான், சாயங்காலம் சீட்டுக்கட்டு அவனை விடாது. கோயிலுக்குப் பின்னாலேயே அக்கா குடியிருக்க, அவனுக்கு என்ன குறை?

எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம் புஷ்பம் காய்ச்சலில் படுத்துவிட்டாள். தம்பி வந்து கட்டிலருகே நின்றான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கப் போகிறான் என்று நினைத்தாள்.

"அக்கா, உச்சி மணிக்கு நேரமாச்சு. மெதுவா எந்திரி."

எழுந்துபோய் அடித்துவிட்டு வந்து படுத்தாள். கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மரத்துப்போன கால் மாதிரி மனசு கிடந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் அது அப்படியே கிடந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் உச்சிப்பொழுதுக்கு அவள் எழுந்திருக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த மணியை வைத்துத்தான் களையெடுக்கிற பெண்கள் கஞ்சிக்குக் கரையேறுவார்கள். வெயில் சாய்ந்த பிறகு வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏன் புஷ்பம், எங்கள பட்டினி போட்டுட்டியே?" என்றாள் வைரக்கண்ணு.

"மணியடிக்கிறது எந்தம்பி வேல. அவனக் கேளுங்க."

ஞாயிற்றுக்கிழமை விஷயம் சாமியார் காதுக்குப் போனது. இன்னொரு தடவை தப்பினால் வேலையும் இல்லை, கோயில் கொடுத்த வீடும் இல்லை என்று இருதயநாதனிடம் சொல்லிவிட்டார். அவன் மனைவி லீலா மேரி இடுப்புப் பிள்ளையோடு ஓடிவந்தாள்.

"அண்ணி, இந்த ஒருதடவ அடிச்சிடுங்க. வூட்ட வுட்டுத் தொரத்திட்டா புள்ளைவள எங்க கூட்டிட்டுப் போவேன்?"

பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு இளகும் என்று புஷ்பம் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். இளகவில்லை.

"நான் இனிமே போவ மாட்டேன் லீலா. அவன டவுனுக்கு வுடாம பாத்துக்க."

மறுநாள் உச்சியில் மணி அடித்தது. ஒரு அடி. வெகுநேரம் கழித்து இன்னொரு அடி. பிறகும் ஒன்று. இழுத்ததும் கயிற்றை விட வேண்டும் என்பது இருதயநாதனுக்குத் தெரியவில்லை, கெட்டியாகப் பிடித்துக்கொண்டே இழுத்தான். விட்டு விட்டு ஒற்றை ஒற்றையாக அடித்தால் ஊர்க் காதுக்கு அது துக்க மணி.

வயலெல்லாம் காலியானது. வீட்டில் கிழடுகட்டைகள் உள்ளவர்கள் முதலில் வீட்டுக்கு ஓடிப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்கு வந்தார்கள். இரண்டு பேர் ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்கள்.

"யாரு போயிட்டாங்க புஷ்பம்?" வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவளிடம் கேட்ட வைரக்கண்ணுவுக்கு மூச்சு வாங்கியது.

"யாரும் சாவல. எந்தம்பி மணியடிக்கக் கத்துக்கிறான்."

இருதயநாதன் கயிற்றைப் பிடித்தபடி மணிக்கூண்டு வாசலில் நின்றான். முகமெல்லாம் வேர்வை. அத்தனை பேர் முன்னால், "அக்கா, நீயே வந்து அடிச்சிடேன்" என்றான். நாலு எட்டு வைத்தால் போதும். பழக்க தோஷத்தில் அவள் எழுந்துகூட விட்டாள். எழுந்தவள் அங்கேயே நின்றாள்.

"மூணு மூணா மூணு தடவ. ஒவ்வொரு தடவயும் இழுத்ததும் கயித்த வுட்டுடு."

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தட்டில் கஞ்சி ஊற்றினாள். வெளியே மணி மூன்று அடித்து நின்றது, மறுபடி மூன்று, கடைசியில் தடுமாறி நான்கு. பெண்கள் சிரித்தார்கள். போய்த் திருத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த மணியை உட்கார்ந்துகொண்டு கேட்டது அன்றுதான். சந்தோஷம் என்று ஒன்றும் இல்லை. பசித்தது, சாப்பிட்டாள்.